தலைப்பெழுத்தும் தந்தை பெயரும்

பள்ளிப் பதிவேட்டை ஒருமுறை சரிபார்த்தபோது, ஒரே வகுப்பில் ‘எஸ். குமார்’ என மூவர் இருக்கக் கண்டேன். ஒருவன் தந்தை சண்முகம். மற்றொருவன் தந்தை சுப்பையா. மூன்றாமவன் தந்தை செல்லப்பன். ச. குமார், சு. குமார், செ. குமார் என்று எழுதியிருப்பின் குழப்பமே எழுந்திராது.

குடும்பப் பெயர் என்பது தலைமுறைதோறும் மாறாது வருவது. சீனர் அதனை முதலில் வைப்பர். ஆங்கிலேயர் இறுதியில் வைப்பர். ‘ஜான்சன்’ என்றால் ஜானின் மகன். ‘ஸ்மித்’ என்றால் கொல்லன். ஒரு காலத்தில் ஒருவரை மட்டும் சுட்டிய அடையாளம், பின்னர் அவர் வழியினர் அனைவர்க்கும் உரியதாயிற்று. தமிழரிடம் இவ்வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தையே நாம் முன்னே இடுகிறோம். மலாய்க்காரர் வழங்கும் ‘பின்’, ‘பிந்தி’ என்பனவும், மலேசியத் தமிழர் ஆவணங்களில் வரும் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பனவும் முறையே மகன், மகள் என்றே பொருள்படும்.

அங்ஙனமாயின் குலத்தொடர்ச்சியைக் காட்டத் தமிழில் வழியில்லையா? உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் முன்னோர் வழக்கம். ‘பெயரன்’ என்பதே ‘பேரன்’ ஆயிற்று; ‘பெயர்த்தி’ ‘பேத்தி’ ஆயிற்று. 1983-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்ற வானியல் அறிஞர் சந்திரசேகரை நோக்குக. அவர் தந்தையார் சுப்பிரமணியன், பாட்டனார் சந்திரசேகரன். 1930-இல் அதே பரிசைப் பெற்ற சி. வி. இராமன் இவருக்குச் சிற்றப்பா. இராமனின் பெயருக்கு முன் ‘சி’யாக நிற்பவரும் அந்தச் சந்திரசேகரனே. அடுத்துள்ள ‘வி’யோ எவர் பெயருமன்று, வேங்கடராமன் என்ற ஒரே பெயர் இரண்டாகப் பிரிந்ததன் விளைவு.

இங்கு ஒன்று கருதத்தக்கது. ‘சி’ என்பது ஆங்கில எழுத்தின் பெயர். அதனைத் தமிழெழுத்தாகக் கொள்வோர், தந்தையார் சிவலிங்கமோ சிங்காரமோ என மயங்குவர். தமிழ் முறைப்படி அது ‘ச’ ஆதல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. உயிர்மெய்யெழுத்து மெய்யொலியோடு உயிரொலியையும் சேர்த்துக் காட்டுவதால், ஓரெழுத்தே பெயரின் தொடக்கத்தைத் தெளிவாக உணர்த்திவிடும்.

எனினும் நம் முறையில் ஒரு குறையும் உண்டு. தந்தையின் எழுத்து மகனோடு நின்றுவிடும். பேரன் காலத்தில் அவ்விடத்தில் வேறெழுத்து வந்துவிடும். அம்மூன்று குமார்களையும் அழைத்துப் பாட்டன் பெயரைக் கேட்டேன். ஒருவன்தான் விடை சொன்னான். கடல் கடந்து வந்து இம்மண்ணில் ரப்பர் மரம் சீவியவர்களின் பெயர்கள் மூன்றாம் தலைமுறையிலேயே மறைந்துபோவது முறையாகுமா?

பெற்றோர்களே! தலைப்பெழுத்தைத் தமிழில் எழுதப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அவ்வெழுத்து யாரைக் குறிக்கிறது, அவருடைய தந்தையார் யார் என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு நினைவே குடும்பப் பெயர்.