சிங்கப்பூரில் சிவக்கும் இலைகள்

அக்டோபர் பிறந்தால் சிங்கப்பூரர் பலர் மேப்பிள் இலைகளின் செம்மையைக் காண ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் விமானம் ஏறுகிறார்கள். அதே செம்மை இங்கே ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் உண்டு. அதுவும் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை.

அதைத் தருவது நாட்டு வாதுமை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கல்லால் உடைத்துப் பருப்பெடுத்துத் தின்னும் அதே பாதாங்கொட்டை மரம். மலாயில் கெத்தாப்பாங். கிளைகளை அடுக்கடுக்காகப் பரப்பி நிற்கும் இம்மரத்தின் அகன்ற இலைகள், உதிருமுன் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கருஞ்சிவப்பாகின்றன. இங்கே ஜனவரி, பிப்ரவரியில் ஒரு முறையும் ஜூலை, ஆகஸ்டில் ஒரு முறையும் இதைக் காணலாம்.

இலை முதிர்ந்ததும் மரம் அதிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளைக் கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் அதுவரை அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் மஞ்சளாகத் தெரிகின்றன. சிவப்பு வரும் வழி வேறு. ஆந்தோசயனின் என்னும் அந்த நிறமியை இலை தன் கடைசி நாட்களில்தான் புதிதாகத் தயாரிக்கிறது. மரம் சத்துகளை மீட்டு முடிக்கும்வரை இலையைக் கடும் வெயிலிலிருந்து காப்பது அதன் வேலை என்பது அறிவியலாளர் தரும் முக்கிய விளக்கங்களுள் ஒன்று. பிறகு காம்பின் அடியில் ஒரு பிரிபடலம் உருவாக, இலை கழன்று விழுகிறது. மேப்பிள் இலைக்குள் நடப்பதும் இதுதான்.

மேப்பிளுக்குக் கட்டளையிடுபவை குறுகும் பகலும் குளிரும். நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 137 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கப்பூரில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறக்குறைய 9 நிமிடம் மட்டுமே. குளிர்காலமும் கிடையாது. அதனால் இங்கே மரங்கள் ஒரே நாளில் ஒரே கட்டளைக்கு அடிபணிவதில்லை. பக்கத்துப் பக்கத்து மரங்களே வெவ்வேறு வாரங்களில் இலை மாற்றுவதுண்டு. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஆர்.இ. ஹோல்ட்டம் இதை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1931இலும் 1940இலும் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். சில மரங்களின் இலைமாற்றச் சுழற்சி 12 மாதக் கணக்குக்குள் அடங்குவதே இல்லை என்று அவர் கண்டறிந்தார்.

முதுமையைப் போலவே இளமைக்கும் இங்கே சிவப்பு நிறம் உண்டு. மாமரம் துளிர்க்கும்போது பாருங்கள்: தளிர் செம்பு நிறத்தில் தொங்கும். அதிலும் ஆந்தோசயனின்தான். தேக்காவில் தோரணம் கட்ட நாம் வாங்கும் பச்சை மாவிலை பெரும்பாலும் அப்படிச் சிவந்திருந்து முற்றியதே.

மழையும் வெயிலும் மாறுவதற்கேற்பப் பூக்கும் மரங்களும் உண்டு. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து நம் சாலையோரங்களில் நிற்கும் ட்ரம்பெட் மரம், வறண்ட நாட்களுக்குப் பின் பெருமழை பெய்தால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் குலுங்குகிறது. பெரும்பாலும் ஏப்ரலை ஒட்டியும் ஆகஸ்டை ஒட்டியும் வரும் இந்தப் பூக்கோலத்தைச் 'சிங்கப்பூர் சக்குரா' என்று மக்கள் கொண்டாடுகிறார்கள்.

இந்த ஊருக்குப் பருவமே இல்லை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வட்டாரத்தில் ஒரு வாதுமை மரத்தைத் தேர்ந்தெடுத்து, அது எப்போது சிவக்கிறது, எப்போது துளிர்க்கிறது என்று தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஹோல்ட்டம் செய்த ஆராய்ச்சிக்கும் அதுவே அடிப்படை.