ஐபியு ‘நல்லது’ என்கிறது. கோழிக் கொட்டகைக்குள் காற்று எப்படி?

புகைமூட்டம் வந்தால் நாம் கைப்பேசியில் முதலில் பார்ப்பது ஐபியு, அதாவது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு. சிலிம் ரிவரில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் உள்ள நிலையம் தஞ்சோங் மாலிம். ஆனால், அந்த எண் வெளிக்காற்றை மட்டும்தான் சொல்லும். கோழிப் பண்ணைக் கொட்டகைக்குள் வேலை செய்பவர் எதைச் சுவாசிக்கிறார் என்பது அதில் தெரியாது.

வெறும் தூசிதானே?

இல்லை. காய்ந்த எச்சம், இறகுத் துகள், தோல் செதில், தீவனத் தூள், தரையில் பரப்பிய உமி அல்லது மரத்தூள், கூடவே பாக்டீரியா, பூஞ்சை. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். பல ஆண்டுகள் இப்படியே போனால் ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி போன்றவை வரலாம். கோழி பிடிக்கும்போதும் கொட்டகையைக் கூட்டி அள்ளும்போதும்தான் தூசி உச்சத்துக்குப் போகும்.

தண்ணீர் தெளித்தால் போதாதா?

அங்கேதான் சிக்கல். தரை ரொம்பக் காய்ந்தால் தூசி. ரொம்ப நனைந்தால் அமோனியா. கண் எரியும், தொண்டை கரகரக்கும். எளிய சோதனை ஒன்று உண்டு. கையுறை போட்டு, தரை உமியில் ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். சேராமல் கொட்டினால் தூசி பறக்கும். லேசாகச் சேர்ந்து, கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி.

வேறு என்ன செய்யலாம்?

• தீவனத்தில் கொஞ்சம் எண்ணெய் கலந்தால் தூள் பறப்பது குறையும்.
• காற்றாடியில் படியும் தூசியை அடிக்கடி துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றோட்டம் குறையும். மூடிய கொட்டகைக்கு இது இன்னும் முக்கியம்.
• காய்ந்த தரையைக் கூட்டும் முன் பனிபோல் நீர் தெளிக்கலாம்.
• கோழி பிடிக்கும்போது வெளிச்சத்தைக் குறைத்தால் அவை அதிகம் சிறகடிக்காது.

என்95 சுவாசக் கவசம் தேவைதான். ஆனால் அது தூசியைத் தடுக்கும், அமோனியாவைத் தடுக்காது. கவசத்தைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று முதலாளி நினைக்க முடியாது. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டத் திருத்தத்தின்படி, வேலையிட அபாயங்களை மதிப்பிடுவது முதலாளியின் கடமை.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

வேலை நாளில் இருமல், மூச்சுத்திணறல். லீவு எடுத்தால் குறைகிறதா? தாமதிக்காதீர்கள். ‘கோழிப் பண்ணையில் வேலை’ என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தொழிலால் வரும் ஆஸ்துமா, பெர்கேசோ சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் பெர்கேசோவின் வேலையிட விபத்து, நோய்ப் பாதுகாப்பு கிடைக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது பண்ணைக்குப் போகிறார்கள் என்றால், இந்த ஒரு கேள்வியை இன்றே அவர்களிடம் கேளுங்கள்: லீவு நாளில் இருமல் குறைகிறதா?