மரப்பேனாவின் பசைமெருகு: கோளாறும் காரணமும்

லேத்தில் கடைந்த மரப்பேனாவுக்குக் கண்ணாடிப் பளபளப்பு கொடுக்கக் கைவினைஞர் பலர் பூசுவது வார்னிஷும் அன்று, அரக்கும் அன்று. பிய்ந்த செருப்பை ஒட்டப் பெட்டிக்கடையில் வாங்கும் உடனடிப் பசைதான் அது. வேதிப்பெயர் சையனோஅக்ரிலேட். பேனா என்பது விரல் வியர்வையிலும் எண்ணெயிலும் ஓயாமல் புரளும் பொருள். மெழுகு மெருகு அதில் சீக்கிரம் தேய்ந்துபோகும். அரக்கு மெருகைக் கைகழுவும் ஸ்பிரிட் திரவமே கரைத்துவிடும். இறுகிய சையனோஅக்ரிலேட் அப்படியல்ல. அது கடினமான, தெளிவான பிளாஸ்டிக் உறை.

ஒட்டுவதற்கென்று இது முதலில் தேடப்படவும் இல்லை. 1940களில் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவரும் உடனிருந்தவர்களும் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடினார்கள். தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று இந்தச் சேர்மத்தை ஒதுக்கிவைத்தார்கள். 1951இல் ஜெட் விமானங்களின் மேற்கூட்டுக்காக வேறு ஆய்வு நடந்தபோதுதான் அந்தத் தொல்லையே அதன் பயன் என்று தெரிந்தது. 1958இல் பசையாகக் கடைக்கு வந்தது.

கோளாறுகளைப் புரிந்துகொள்ள, இது இறுகும் விதத்தை முதலில் அறிய வேண்டும். பெயின்ட் போல இது காய்வதில்லை. ஆவியாகிப் போக இதில் கரைப்பான் கிடையாது. பரப்பில் படிந்திருக்கும் துளியினும் துளியான ஈரம் வினையைத் தொடங்கிவைக்க, மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி நீண்ட சங்கிலிகளாகின்றன. காரத்தன்மை இதை விரைவுபடுத்தும், அமிலத்தன்மை தடுக்கும். புட்டியிலேயே இறுகிவிடாமல் இருக்கச் சிறிது அமிலம் சேர்ப்பதும் அதனால்தான். வினையில் வெப்பம் வெளிப்படும். பூச்சு தடித்துவிட்டால் மேற்பரப்பு முதலில் தோலாகி, உள்ளே பசை திரவமாகவே தங்கிவிடும். ஈரம், வேகம், தடிமன் ஆகிய மூன்றில் ஏதோவொன்று அளவு மீறியதன் அடையாளமே பெரும்பாலான கோளாறுகள்.

வேலைமுறை சுருக்கமானது. மரக்கட்டையில் துளையிட்டு (மெல்லிய பேனா வகைக்கு 7 மி.மீ.), அதில் பித்தளைக் குழாயை ஒட்டுவார்கள். இருபுறமும் புஷ் எனும் உலோக வளையம் வைத்துத் தண்டில் கோத்து, வளையத்தின் அளவுக்குக் கடைந்து, உப்புத்தாளால் தேய்ப்பார்கள். பிறகு தண்ணீர்போல் ஓடும் மெல்லிய பசையில் முதல் பூச்சு. அதன்மேல் சற்றுக் கெட்டியான பசையில் பல பூச்சுகள். லேத் மெதுவாகச் சுற்ற, மடித்த டிஷ்யூ தாளால் பசையை இழுத்துவிடுவார்கள். பருத்தித் துணி இதற்கு ஆகாது. பஞ்சில் இந்தப் பசை பட்டால் வினை வெறிகொண்டு, புகைந்து, கையைச் சுட்டுவிடும். பருத்திக் கையுறைக்கும் இதே விதி. ஆவி கண்ணையும் மூக்கையும் உறுத்துமாதலால் காற்றோட்டமும் வேண்டும்.

அதிகம் குழப்பும் கோளாறு வெண்மை. பளபளக்க வேண்டிய பேனா வெளுத்துக் கிடக்கும். எல்லா வெண்மையும் ஒன்றல்ல என்பதை அறியாமல் மேலே மேலே பூசிக்கொண்டே போவதுதான் பலர் செய்வது. அது வெண்மையை உறைக்குள் நிரந்தரமாகப் பூட்டிவைக்கும் வேலை.

பரப்பின் மேல் மாவு தூவியது போலிருந்தால் அது ஆவிப்படிவு. இறுகாத பசையிலிருந்து எழும் ஆவி, காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து வெண்துகளாகப் பக்கத்திலேயே இறங்குகிறது. குற்றம் நடந்த இடத்துப் பொருள்களில் மறைந்திருக்கும் கைரேகையை வெளிக்கொணரத் தடயவியலாளர் பயன்படுத்துவதும் இதே ஆவியைத்தான். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தாலே படிவு போய்விடும். அதிகப் பசை பூசுவதைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டினால் திரும்ப வராது.

மரத்தின் நாளத் துளைகளில் வெண்புள்ளிகளும் சிறு கோடுகளுமாக நின்றால் காரணம் தூசி. தேக்கு போன்ற துளை பெரிய மரங்களில் இது சகஜம். முதல் பூச்சுகளைத் தேய்த்தபோது எழுந்த பசைத்தூள் துளைகளில் அடைத்துக்கொள்ள, அடுத்த பூச்சு அதை மூடிவிடுகிறது. துளைகள் பசையால் முற்றிலும் நிரம்பும்வரை தேய்க்காமல் இருப்பதே தடுப்பு. நேர்ந்துவிட்டால் மரம் தெரியும்வரை எடுத்துவிடுவதைத் தவிர வழியில்லை.

உறைக்குள்ளேயே மேகம்போல் மங்கல் தெரிந்தால், மரத்தில் ஈரம் இருந்திருக்க வேண்டும், அல்லது காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்க வேண்டும். 40 முதல் 60 சதவீத ஈரப்பதத்தில் இந்தப் பசை நன்றாக நடந்துகொள்ளும். அடைமழை நாளில் அவசரமாக இறுகி மங்கும். வறண்ட குளிரில் இறுகவே தயங்கும். பசையை விரைந்து இறுகவைக்கத் தெளிக்கும் இறுக்கியைத் தாராளமாகப் பயன்படுத்துவதும் இதே மங்கலைத் தரும், கூடவே நுரைக்குமிழிகளையும். திடீரென்று பொங்கும் வெப்பம் பசையைக் கொதிக்கவைப்பதே குமிழிக்குக் காரணம். இறுக்கியைத் தூரத்திலிருந்து லேசாகத் தெளிப்பது நல்லது. அதைத் தொடாமல் பொறுத்திருப்பது இன்னும் நல்லது.

நான்காவது வெண்மை பேனாவின் இரு முனைகளில் மட்டும் தோன்றும். பசை புஷ் வளையத்தோடும் சேர்ந்து ஒட்டிவிடுகிறது. கழற்றும்போது வளையம் உறையின் விளிம்பையும் தூக்கிவிட, இடையில் புகுந்த காற்று வெள்ளையாகத் தெரிகிறது. ஈர உப்புத்தாளில் தேய்க்கும்போது முனைவழியே மரத்துக்குள் தண்ணீர் ஊறினாலும் இப்படியே ஆகும். கழற்றுமுன் கூர்மையான கத்தியால் இணைப்பில் ஒரு கோடு கீறிவிடலாம். பூசும் கட்டத்தில் உலோக வளையத்துக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் வளையம் வைப்பது அதனினும் எளிது. அதில் இந்தப் பசை ஒட்டாது. நீர்த்தேய்ப்புக்கு முன் மரத்தின் திறந்த முனைகளிலும் மெல்லிய பசை தொட்டுவிட்டால் தண்ணீர் ஏறாது.

உறை முழுவதும் தோலாக உரிந்துவந்தால் குற்றம் பசையினுடையதன்று. ஈட்டி, தேக்கு போன்ற மரங்களின் இயற்கை எண்ணெய் பிடிமானத்தைத் தடுத்திருக்கிறது. அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் உடனே பூசிவிட வேண்டும். தாமதித்தால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வரும்.

மரத்தின் ரேகைப் போக்கிலேயே விழும் விரிசல் பெரும்பாலும் நாள் கழித்துத்தான் தெரியும். சரியாக உலராத மரம் சுருங்குகிறது. உள்ளே பித்தளைக் குழாய் சுருங்குவதில்லை. மேலுறையோ வளையத் தெரியாத பிளாஸ்டிக். மூன்றில் ஒன்று விட்டுக்கொடுத்தே தீர வேண்டும். கடையும்போதும் தேய்க்கும்போதும் சூடேற்றுவதும் இந்த விரிசலை அழைத்துவரும்.

மேடுபள்ளம், வட்டக் கீறல், தேய்ந்து மரம் வெளித்தெரிதல் ஆகியவை கைப்பழக்கத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொரு பூச்சிலும் தாளை ஓரிடத்தில் நிறுத்தாமல் இழுக்க வேண்டும். ஒவ்வொரு தரத்து உப்புத்தாளுக்குப் பின்னும் லேத்தை நிறுத்தி நீளவாக்கில் தேய்த்தால், முந்தைய தாளின் கீறல்கள் அடுத்ததற்குத் தப்பாது. 1500இலிருந்து 12000வரை தர எண் கொண்ட மென்தாள்களில் முதலிரண்டில்தான் மேடு சமன்படும்; மீதி வெறும் மெருகு. மேடு மிச்சமிருக்கும்போது மேல்தரத்துக்குத் தாவினால், மினுங்கும் மேடுதான் கிடைக்கும்.

முழு உறையையும் எடுக்க நேர்ந்தால் லேத்தில் உளியால் சுரண்டுவதே பாதுகாப்பு. அசிட்டோனில் ஊறவைத்தால் உறை கரையும். ஆனால் குழாயையும் இதே பசையால் ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து கழன்றுவிடும். பசை பழசாகிக் குழகுழத்தால் அதில் மெருகு எதிர்பார்க்கலாகாது. திறக்காத புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால், அறையின் சூட்டுக்கு வந்தபிறகே மூடியைத் திருக வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த பரப்பில் படியும் நீர்த்திவலை புட்டிக்குள்ளேயே பசையை இறுக்கத் தொடங்கிவிடும்.