தலைக்கு 1,275 ரூபாய் போலீஸ், 6 ரூபாய் வக்கீல்

காவல், நீதிமன்றம், சிறை, சட்ட உதவி ஆகியவற்றுக்கு இந்திய அரசுகள் செலவிடும் பணத்தை மக்கள்தொகையால் வகுத்தால் ஒரு சித்திரம் கிடைக்கிறது. ஆண்டுக்குத் தலைக்கு, காவல் துறைக்கு ரூ.1,275, நீதித்துறைக்கு ரூ.182, சிறைக்கு ரூ.57. இலவச சட்ட உதவிக்கு ரூ.6. ‘இந்திய நீதி அறிக்கை 2025’ சொல்லும் கணக்கு இது.

போலீசுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. லட்சம் பேருக்கு 197.5 போலீசார் இருக்க வேண்டும், இருப்பவர்கள் 155. பயிற்சிக்குப் போவது காவல் பட்ஜெட்டில் 1.25 சதவீதம்தான்.

ஆனாலும் கைது நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் வழக்கு நகர மறுக்கிறது.

பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-இல் பரிந்துரைத்தது. ஐந்தாண்டுகளில் அந்த அளவை எட்டச் சொல்லி 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்றைய நிலை சுமார் 15. உயர் நீதிமன்றங்களில் மூன்றில் ஒரு நாற்காலி காலி, மாவட்ட நீதிமன்றங்களில் ஐந்தில் ஒன்று.

வாய்தாக்கள் நீள நீள, சிறை நிரம்புகிறது. 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் 4,36,266 பேருக்கு இடமிருந்தது. அடைக்கப்பட்டிருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் நிரூபிக்கப்படாதவர்களே ஏறக்குறைய மொத்த இடத்தையும் நிரப்பிவிட்டார்கள். தண்டனை பெற்றவர்கள் அதற்கு மேல்.

காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அரசுச் செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமையைச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987 தருகிறது. ஜாமீன் மனு போட முதலில் தேவைப்படும் ஆள் அவர்தான். அந்த வேலைக்குத்தான் தலைக்கு ஆறு ரூபாய்.

அடுத்த சுமையும் வந்துவிட்டது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும். ஆய்வகங்களிலோ ஏறத்தாழ பாதிப் பணியிடங்கள் காலி. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஆளெடுத்துப் பயிற்சி கொடுப்பதும் அதற்குள் முடிய வேண்டும்.