கம்பளிக்குள் உறங்கத் தெரியாதவர்

கும்பகோணம் தந்த கணித மேதை சீனிவாச இராமானுசன், 1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறினார். குடுமியைக் களைந்து, காலணியும் மேனாட்டு உடையும் அணியப் பழகிக்கொண்டே புறப்பட்டார். அவருடைய கணிதத்தைப் பற்றி நூல்கள் பல உள. கேம்பிரிட்ஜில் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை எண்ணுவோர் சிலரே. பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பும் பெற்றோரும் ஆசிரியரும் அறியத்தக்கது அதுவேயாகும்.

குளிர் மிக்க ஒரு நாள், நண்பர் மகலனோபிசு அவர் அறைக்குச் சென்றார். பின்னாளில், 1931இல், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் இவரே. இராமானுசன் கணப்படுப்பின் அருகே ஒடுங்கி அமர்ந்திருந்தார். இரவில் குளிர் தாங்க முடிகிறதா என நண்பர் வினவ, மேலங்கியை அணிந்து சால்வையும் போர்த்தே உறங்குவதாகக் கூறினார். கம்பளி இல்லையோ என ஐயுற்று உள்ளே சென்று பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன! நம் நாட்டில் போர்வை மேலே போர்த்திக்கொள்வது. ஆங்கோ அதன் ஓரங்களை மெத்தைக்கடியில் செருகி வைப்பர். உறைக்குள் கடிதம் நுழைவதுபோல் நாம்தாம் உள்ளே நுழைதல் வேண்டும். இதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. தாமாகக் கேட்கவும் அவர் கூசினார் போலும்.

உணவின் செய்தி இதனினும் பெரிது. கல்லூரி மண்டபத்தில் ஒருங்கே அமர்ந்து உண்பது கேம்பிரிட்ஜ் வழக்கம். முகம் பழகுவதும் பேச்சுத் தொடங்குவதும் அங்கேதான். சைவ உணவில் உறுதி கொண்ட இராமானுசன் தம் அறையிலேயே சமைத்துத் தனித்து உண்டார். அவர் நோன்பைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் நட்புக்குரிய வாயில் அதனால் அடைபட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் போர் மூண்டது. இளைஞர் பலர் போர்க்களம் சென்றனர், காய்கறியும் அரிதாயிற்று. மகலனோபிசும் 1915இல் தாயகம் திரும்பினார். அவரை வரவழைத்த ஹார்டி கணிதம் பேசுவதில் இணையற்றவர். பிறர் சொந்த வாழ்வைக் கிளறிக் கேட்கும் இயல்பினர் அல்லர்.

ஒரு முறை இந்திய நண்பரையும் பெண்டிர் இருவரையும் விருந்துக்கு அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறினார். மூன்றாம் முறை இரசம் ஊற்ற வந்தபோது பெண்டிர் போதும் என்றனர். சற்று நேரத்தில் அவரைக் காணவில்லை! மனம் நொந்து ஆக்சுபோர்டுக்கே போய்விட்டார். திரும்பிவரச் சில நாள்கள் ஆயின. இதனைக் கேட்டு நகைப்போர், நாள்தோறும் தனித்து உண்டவர்க்கு ஒரு விருந்து எத்தகையது என்பதையும் எண்ண வேண்டும்.

1917இல் நோய்வாய்ப்பட்டு மருத்துவ மனைகளில் கிடந்தார். மனைவி சானகி எழுதிய கடிதங்களோ அவரைச் சேராதவாறு வீட்டிலேயே தடுக்கப்பட்டன. 1918இல் இலண்டன் சுரங்க இரயில் பாதையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தியதால் பிழைத்தார். அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றதும் அதே ஆண்டில்தான். 1919இல் நாடு திரும்பியவர், மறு ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 32.