தட்டின் ஓரத்தில் ஒரு புல்லட்

உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். முத்து முத்தான கையெழுத்து. 1984இல் வாங்கிய புல்லட்டை இன்றுவரை தன் கையாலேயே பழுதுபார்த்து ஓட்டுகிறாராம். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. குத்தவைத்து உட்கார்ந்தால், எழுந்திருக்க வண்டியையே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வண்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கும் மேடை ஒன்றை வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்ள முடியுமா என்பது அவர் கேள்வி. கடைசியில், போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "வண்டியைப் பலகையின் நட்ட நடுவில்தான் நிறுத்த வேண்டுமா? கொஞ்சம் முன்னே பின்னே நின்றால் ஜாக்கிக்குப் பாரம் கூடாதா?"

முதல் கேள்விக்கு 'முடியும்' என்று ஓர் அஞ்சலட்டையில் பதில் போட்டிருப்பேன். இரண்டாவதைப் படித்ததும் பொள்ளாச்சியில் என் பெரியப்பா வைத்திருந்த மளிகைக் கடை ஞாபகம் வந்துவிட்டது. கட்டுரை நீண்டதற்கு அதுதான் காரணம்.

பெரிய சர்வீஸ் நிலையங்களில் இந்த மேடையைப் பார்த்திருப்பீர்கள். கீழே இரும்புச் சட்டம், மேலே வண்டி நிற்கும் பலகை, இரண்டையும் இணைக்கும் கைகள், கைகளைத் தள்ள ஒரு ஜாக்கி. ஜாக்கிக்குள் எண்ணெய் என்ன செய்கிறது என்று இங்கே விளக்கப்போவதில்லை. பள்ளிப் புத்தகத்தில் பாஸ்கல் விதியின் படத்தை எல்லோரும் வரைந்திருக்கிறோம்.

வீட்டில் செய்பவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, கத்தரிபோலக் குறுக்காகப் போடும் கைகள். கார் டிக்கியில் கிடக்கும் ஸ்க்ரூ ஜாக்கியைப் பெரிதாக்கியதுபோல இருக்கும். இடத்தை அடைக்காது, நேராக ஏறி நேராக இறங்கும். ஆனால் படுத்திருக்கும்போது முரண்டு பிடிக்கும். கை தரையோடு 10 டிகிரியில் இருக்கையில் 250 கிலோவைக் கிளப்ப, அதன் கால்களைக் கிடைவாக்கில் சுமார் 1,400 கிலோ விசையோடு தள்ள வேண்டும். 45 டிகிரிக்கு வந்துவிட்டால் அதே 250 கிலோ போதும். தென்னந்தோப்பில் படுத்துக் கிடக்கும் மூங்கில் ஏணியைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு இந்தக் குணம் புரியும். முதல் முழம்தான் முதுகைப் பிடிக்கும். கத்தரிக்கு நகரும் காலும், அது ஓடத் தடமும் வேறு வேண்டும். கொட்டகையில் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழி இணைகரம். முன்னே ஒரு ஜோடிக் கை, பின்னே ஒரு ஜோடிக் கை, நான்கும் ஒரே நீளம். அடியில் படுத்திருக்கும் கைகள் சாய்ந்து எழும்ப, பலகை மட்டம் குலையாமல் உயர்கிறது. பெரும்பாலான வீட்டு மேடைகள் இந்த ஜாதிதான். ஆசிரியரின் இரண்டாவது கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது.

பெரியப்பாவின் கடையில் தொங்கும் தராசு கிடையாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, பெட்டிக்கு மேலே இரண்டு பித்தளைத் தட்டுகள். ஏழு வயதில் எனக்கு ஒரு சந்தேகம். சீசாவில் ஓரத்தில் உட்கார்ந்தவன் கனமாகிவிடுகிறான் அல்லவா? அப்படியானால் வெல்லத்தைத் தட்டின் வெளி ஓரத்தில் வைத்தால் எடை கூட வேண்டுமே! பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஓர் அச்சு வெல்லத்தை ஓரத்துக்கும் உள்பக்கத்துக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. பார்த்துவிட்ட பெரியப்பா திட்டாமல், "எங்க வெச்சாலும் அதுக்கு ஒண்ணுதான் கண்ணு" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, கொள்ளுப் பையை எடுத்து வரச் சொல்லிவிட்டார்.

அந்த ஏன் எனக்குக் கல்லூரியில்தான் கிடைத்தது. பாரிஸில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜில் தெ ராபர்வால் 1669இல் அங்குள்ள அறிவியல் கழகத்தின் முன் வைத்த புதிர் அது. மேலே ஒரு தண்டு, அதற்கு இணையாகக் கீழே இன்னொரு தண்டு, இரு பக்கமும் செங்குத்தாக இரண்டு குச்சிகள், எல்லா மூலையும் அசையும்படி ஆணி அடித்தது. குச்சியில் குறுக்காக ஒரு கட்டையைப் பொருத்தி, எடையை அதன் எந்த இடத்தில் தொங்கவிட்டாலும் சமநிலை குலையாது. நெம்புகோல் விதியைக் கரைத்துக் குடித்தவர்களே திகைத்தார்கள். (ராபர்வாலின் பதவி மூன்றாண்டுக்கு ஒருமுறை போட்டி வைத்துக் கொடுக்கப்படுவது. பதவியில் இருப்பவரே கேள்வியும் தயாரிக்கலாம். அதனால் தான் கண்டுபிடித்த வழிமுறைகளை வெளியே சொல்லாமல் பதுக்கிவைத்து, சாகும்வரை பதவியைக் காப்பாற்றிக்கொண்டார். தொழில் ரகசியத்தைப் பட்டறைக்காரர்கள் மட்டும்தான் பூட்டிவைக்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.)

பெரியப்பாவின் பெட்டிக்குள் ஒளிந்திருந்தது அந்த இரண்டாவது தண்டு. அது இருப்பதால் தட்டு ஒருபோதும் சாயாது. சாயாத தட்டு ஒரு விரற்கடை இறங்கினால் அதன் நடுவும் ஓரமும் மூலையும் அதே ஒரு விரற்கடைதான் இறங்குகின்றன. பாரம் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதுதான் தராசின் கணக்கு. எங்கே உட்கார்ந்து ஏறியது என்று அது கேட்பதில்லை. சீசாவில் ஓரம் அதிகம் இறங்குகிறது, நடு அசைவதே இல்லை. அங்கே இடத்துக்கு மதிப்பு உண்டு.

வண்டி மேடை அந்தத் தராசின் ஒரு பாதிதான். ஆகவே ஆசிரியரே, புல்லட் ஒரு சாண் முன்னே நின்றாலும் பின்னே நின்றாலும் ஜாக்கி தள்ள வேண்டிய விசை மாறாது.

இதைப் படித்துவிட்டு யாரும் வண்டியைப் பலகையின் நுனியில் ஏற்றிவிடக் கூடாது. ஜாக்கிக்குத் தெரியாத பாரத்தைப் பின்கள் சுமக்கின்றன. வண்டி நடுவிலிருந்து விலகினால் பலகை ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும்; சாயவிடாமல் ஒரு ஜோடிக் கை இழுத்துப் பிடிக்கும், மற்றது எதிர்த்து முட்டுக் கொடுக்கும். கைகள் தரையோடு படுத்திருக்கும்போது இந்த மல்லுக்கட்டு மிக மோசம். முன் கைக்கும் பின் கைக்கும் இடையே 110 செ.மீ. இருந்தாலும், 10 டிகிரிச் சாய்வில் கைகளுக்குச் செங்குத்தாக அளந்தால் அவற்றின் இடைவெளி 19 செ.மீ.தான். 60 டிகிரியில் அது 95 செ.மீ. ஆகிவிடும். அதே விலகலுக்குத் தாழ்நிலையில் ஐந்து மடங்கு இழுவை. அதனால் பின்னுக்கு ஏதோ கிடைத்த போல்ட்டைச் செருகாமல், லேத்தில் 20 மி.மீ. தண்டும் புஷ்ஷும் கடைந்து, கிரீஸ் நிப்பிள் வைப்பது நல்லது.

துளை விஷயத்திலும் ஒரு கண்டிப்பு வேண்டும். பெரியப்பா கடைக்கு வரும் முத்திரை ஆய்வாளர் எடைக்கல்லை நடுவில் வைத்துப் பார்த்ததோடு விடமாட்டார். ஓரத்துக்கு நகர்த்தியும் பார்ப்பார். தண்டுகளின் நீளம் பிசகினாலோ ஆணி தேய்ந்தாலோ இணைகரம் இணைகரமாக இருக்காது, தராசு இடம் பார்த்து எடை சொல்லத் தொடங்கிவிடும். மேடையின் நான்கு கைகளையும் தனித்தனியாக அளந்து துளை போட்டால் இதே கதிதான். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கவ்வி, ஒரே ஓட்டத்தில் துளைக்க வேண்டும். அளவு ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் நான்கும் சேர்ந்து தவறட்டும்.

இனி அளவுகள். ஸ்பிளெண்டர் 112 கிலோ, இப்போது வரும் ‘கிளாசிக் 350’ வண்டி 195 கிலோ. நாளைக்குப் பேரன் வண்டியும் ஏறும் என்று 200 கிலோ வைத்துக்கொள்வோம். பலகைக்கு ஒரு 50. மொத்தம் 250. கை 90 செ.மீ. நீளம் என்றால், 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகையில் பலகை 62 செ.மீ. உயரும். கூடவே 44 செ.மீ. நீளவாக்கில் நகரவும் செய்யும். இதை மறந்து சுவரை ஒட்டி மேடையைப் போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் முகம் பார்த்தால் தெரிவார்.

ஜாக்கி 8 டன். 250 கிலோவுக்கு அது எதற்கு என்று பலரும் கேட்பார்கள். பாட்டில் ஜாக்கியின் தண்டு ஏறுவது 15 செ.மீ. அளவுக்குத்தான். அதை வைத்து 62 செ.மீ. தூக்க வேண்டுமென்றால், கையின் அடிப்பக்கத்தில் தள்ளி அசைவைப் பெருக்க வேண்டும். தூரத்தில் நான்கு மடங்கு லாபம் பார்த்தால் விசையில் நான்கு மடங்கு நஷ்டம். சராசரியே 1,000 கிலோவைத் தாண்டுகிறது. கிளம்பும்போது ஜாக்கி சாய்வாகத் தள்ளுவதால் இன்னும் கூடும். எஞ்சின் இறக்கும் கிரேனில் இருக்கும் நீளத்தண்டு ஜாக்கி கிடைத்தால் பாதித் தலைவலி போய்விடும். பாட்டில் ஜாக்கியைச் சாய்த்துப் பொருத்துபவர்கள் பம்ப் இருக்கும் பக்கம் கீழே வரும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொண்டு சும்மா நிற்கும்.

மற்றவை கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலேயே கிடைக்கும்: சட்டத்துக்குச் சி சேனல், பலகைக்கு ஸ்கொயர் பைப்பும் செக்கர்டு ஷீட்டும். முன்சக்கரத்தைக் கவ்வ ஒரு கவ்வி, இருபுறமும் இழுத்துக் கட்டப் பட்டைகள். பின்சக்கரத்துக்கு அடியில் மட்டும் பலகையில் ஒரு துண்டு கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். சக்கரத்தை நேராகக் கீழே இறக்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அல்ல. விரல் அளவு ரப்பர் சீல் ஒன்று கிழிந்தால், கீழே கையை நீட்டியிருப்பவருக்குச் சொல்லிவிட்டா இறங்கும்? மேலே போனதும் சட்டத்தின் துளையில் ஒரு தடித்த பூட்டுக் கம்பியைச் செருகி, ஜாக்கியைத் தளர்த்தி, பாரத்தை இரும்பின்மேல் உட்காரவைத்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். நான் போன ஒரு சர்வீஸ் நிலையத்தில் அந்தக் கம்பியைக் கொக்கியாக வளைத்துச் சுவரில் அடித்திருந்தார்கள். அதில் மெக்கானிக்கின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவரோ மேடைக்கு அடியில் தலையை விட்டிருந்தார். கேட்டதற்கு, "அதெல்லாம் நிக்குமுங்க சார்" என்றார்.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மேடையாவது இருக்கிற இடத்தில் வேலை பார்க்கிறார். கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பூட்டித்தான் தொழில் கற்றார் என்று கோயம்புத்தூரில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். அந்த ஊரின் தெருவோரப் பட்டறைகளில் இன்றும் பையன்கள் அரையடி மணையில் குந்தியபடியே நாள் முழுக்க வண்டி பிரிக்கிறார்கள். நாற்பது வயதில் அவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்க்கிறோம், 'தொழில் அப்படி' என்கிறோம். கடைக்கு ஒளிரும் பெயர்ப்பலகை மாட்டும் முதலாளி, அதே வெல்டிங்காரரிடம் இந்த மேடையையும் செய்யச் சொன்னால் என்ன?

ஆசிரியருக்கு இதையெல்லாம் முன்பே கடிதமாக எழுதி, ஒரு சோதனையும் சொல்லியிருந்தேன். வண்டியை ஏற்றுமுன் ஆறு சிமென்ட் மூட்டைகளை ஏற்ற வேண்டும், 300 கிலோ. முழு உயரத்துக்குத் தூக்கி, பலகை மட்டத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். சென்ற வாரம் தொலைபேசியில் வந்தார்.

"ரெண்டு விரக்கடை எறங்கிருச்சுங்க."

"பூட்டுக் கம்பி போட்டீங்களா?"

"மொத நாள் வேணும்னேதாங்க போடல. ஜாக்கி எவ்வளவு ஏமாத்துதுன்னு பாக்கோணுமில்லீங்க? நேத்து ராத்திரி போட்டேன். கோட்டு மேலயே நிக்குது."

வண்டி ஏறிவிட்டதா என்று கேட்டேன். மூட்டைகள் பக்கத்து வீட்டுக் கட்டட வேலையிலிருந்து கடன் வாங்கியவையாம். கொத்தனார் வந்து எடுத்துக்கொண்டு போனதும் ஏற்றுவாராம்.