சிறைக்குள் போக இன்னொரு வழி

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 2022ஆம் ஆண்டில் 3,552 இடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது. அதில் இரண்டாம் நிலை சிறைக்காவலர் இடங்கள் 161. 2023இல் 86. 2025இல் 180. போலீஸ், தீயணைப்பு இடங்களோடு வைத்துப் பார்த்தால் இது ஒரு கைப்பிடிதான். அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

விடிகாலையில் குளத்தங்கரையிலும் நான்குவழிச் சாலை ஓரத்திலும் ஓடிப் பழகுகிற நம் பிள்ளைகளை நெல்லை மாவட்டத்தின் எந்தச் சேரிப் பக்கமும் பார்க்கலாம். என்ன வேலைக்கு என்று கேட்டால் போலீஸ் என்பார்கள். இரண்டாவது தீயணைப்பு. சிறைக்காவலரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு பையனிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் அம்மா குறுக்கே வந்து கேட்டார்: "ஜெயில் வேலையா சார்? நம்ம புள்ளைங்க உள்ள கெடக்குறது போதாதாக்கும்?"

அந்த அம்மா கேட்டதில் நியாயம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரத்தைப் புரட்டினால், சிறையில் இருப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நம் மக்கள். குற்றம் செய்யும் குணம் சாதியில் இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் சொல்லிக்கொள்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் சொத்துள்ள ஜாமீன்தாரர் இரண்டு பேர் கிடைக்காமல் மாதக்கணக்கில் உள்ளேயே கிடப்பவர்களைத் தெரிந்தவர்களுக்கு வேறு அர்த்தம் தெரியும்.

ஆனால் அதே காரணத்துக்காகத்தான் நான் சொல்கிறேன், அந்த மதிலுக்குள் நம் பிள்ளைகள் காக்கி உடுத்தியும் போக வேண்டும் என்று.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். சினிமாவில் வருகிற வார்டர் லத்தியைத் தட்டிக்கொண்டு நடப்பார். நிஜத்தில் இது எண்ணிக்கை வேலை. காலையில் கதவு திறக்கும்போது தலைகளை எண்ண வேண்டும், மாலையில் அடைக்கும்போது எண்ண வேண்டும், கணக்கு ஒத்துப் போக வேண்டும். பிளாக் பொறுப்பு, வாசல் சோதனை, கோபுரத்தில் பாரா, உறவினர் 'மனு' பார்க்க வரும்போது பக்கத்தில் நிற்பது, தறிக்கூடம், சமையல்கூடம், மருத்துவமனைப் பிரிவு என்று பணி சுற்றி வரும். நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவது ஆயுதப்படைப் போலீசாரின் வழிக்காவல். உள்ளே இருக்கிற மற்ற நேரமெல்லாம் ஒரு மனிதனின் உயிருக்கு வார்டர்தான் பொறுப்பு. யார் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, யார் வேட்டியைக் கிழித்து முறுக்கிக்கொண்டிருக்கிறான், யார் யாரை முறைத்துக்கொண்டு திரிகிறான் என்பதெல்லாம் கண்காணிப்பாளருக்கு முன்னால் வார்டர் கண்ணில் பட வேண்டியவை. தேர்வில் உளவியல் வினாக்கள் கேட்பது சும்மா இல்லை.

2021 ஏப்ரலில் பாளையங்கோட்டை மத்திய சிறைக்குள் விசாரணைக் கைதியான ஓர் இளைஞர் சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டது இந்த மாவட்டத்துக்கு மறந்திருக்காது. சிறைப் பணியாளர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். சாதி மதிலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதில்லை.

இதைப் பற்றி உச்ச நீதிமன்றமே 2024 அக்டோபர் 3 அன்று விரிவாக எழுதிவிட்டது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு அது. தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பல மாநிலச் சிறைக் கையேடுகளில் வெள்ளைக்காரன் காலத்து வாசகங்கள் அப்படியே கிடந்தன. துப்புரவு வேலையை இன்ன சாதியாருக்குக் கொடு, சமையலைத் தகுந்த சாதிக்காரரிடம் கொடு, அந்த வேலை செய்து பழகிய சாதியாக இல்லாவிட்டால் இழிவான வேலை கொடுக்காதே என்று விதியாகவே எழுதி வைத்திருந்தார்கள். உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், ராஜஸ்தான் என்று பட்டியல் நீளும். மலம் அள்ளப் 'பழகிய' சாதி என்று அரசாங்கத் தாளில் அச்சடித்து, சுதந்திரம் பெற்று 77 ஆண்டுகள் அதை வைத்துக்கொண்டிருந்த நாடு இது.

நம்மூரும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைக்கும் வழக்கம் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. மோதல் வராமல் தடுக்கவே அப்படிச் செய்கிறோம் என்ற அரசுத் தரப்பு விளக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்னொரு வழக்கில் ஏற்றுக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் கடமை, அதற்குச் சாதியைச் சுவராக எழுப்ப முடியாது, பிரித்து வைத்தாலும் சமம்தான் என்ற வாதத்துக்கு நம் அரசமைப்பில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவும் கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23ஆம் பிரிவும் சிறைக் கதவோடு நின்றுவிடுவதில்லை. பதிவேட்டில் சாதிக் கலத்தை நீக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் கையேடுகளைத் திருத்த வேண்டும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்று உத்தரவுகள். அந்த டிசம்பரிலேயே ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாதிரிச் சிறைக் கையேட்டைத் திருத்தியது.

சரி, தீர்ப்பு வந்துவிட்டது. செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்ட காலையில் "நீ வா" என்று விரலை நீட்டி யாரைக் கூப்பிடுவது என்பதை டெல்லியில் இருந்துகொண்டு எந்த நீதிபதி பார்ப்பார்? அந்த விரல் வார்டருடையது. அல்லது அவர் பொறுப்புக் கொடுத்த தண்டனைக் கைதியுடையது. இதனால்தான் அந்த 180 இடம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு சட்டத்தையும் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு. முதன்முறை வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரைப் பிணையில் விடச் சொல்கிறது. மற்றவர்களுக்குப் பாதிக் காலம். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இதில் நமக்கு முக்கியமான சேதி, நீதிமன்றத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்கும் கடமையைச் சிறைக் கண்காணிப்பாளர் தலையில் அந்தப் பிரிவு சுமத்துகிறது. முந்தைய வழக்குகளுக்கும் இது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆகஸ்டில் சொல்லிவிட்டது. நாள் கணக்கை ஒழுங்காகப் பார்க்கிற ஒரு எழுத்தர், ஒரு வார்டர், ஒரு ஜெயிலர் இருந்தால் வக்கீல் வைக்க வழியில்லாதவன் வீட்டுக்குப் போகலாம்.

கசப்பையும் சொல்லிவிட வேண்டும். ஆள் பற்றாக்குறை நிரந்தரம். பண்டிகைக்கு விடுப்பு கிடைப்பது அபூர்வம். அதிகாரி வீட்டுக்கு எடுபிடி வேலைக்குப் போகச் சொல்வார்கள் என்பது இந்தத் துறையின் பழைய நோய். வேலூர் மத்திய சிறையின் ஆயுள் தண்டனைக் கைதி ஒருவர் உயரதிகாரி வீட்டு வேலைக்குப் பயன்படுத்தப்பட்டு, திருட்டுப் பழி சுமத்திச் சித்திரவதை செய்யப்பட்டதாக எழுந்த புகாரில் 2024இல் சிபிசிஐடி வழக்குப் பதிந்தது. சேர்க்கப்பட்டவர்களில் கீழ்நிலைக் காவலர்களும் உண்டு. மேலே இருப்பவர் சொன்னார், செய்தேன் என்பது எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது. சேருவதற்கு முன்பே இது மனதில் இருக்கட்டும்.

நுழைவது எப்படி? பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயது 18 முதல் 26 வரை. பட்டியல் சாதி, அருந்ததியர், பழங்குடியினருக்கு 31 வரை. உயரம் ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், நம்மவர்களுக்கு 167. பெண்களுக்கு 159, நம் பெண்களுக்கு 157. எழுத்துத் தேர்வில் முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு, 80 மதிப்பெண்ணுக்கு. அதில் 32 எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று அலட்சியமாகப் போய் ஓடுதளத்தையே பார்க்காமல் திரும்பிய பிள்ளைகள் உண்டு. தமிழ் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் பாடநூல்களின் இலக்கணப் பகுதியை இரண்டு முறை வரிவரியாகப் படியுங்கள். முதன்மைத் தாள் 70. பொது அறிவுக்கு 45, உளவியலுக்கு 25. உடல்திறன் 24. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கு 6. கல்லூரியில் இருப்பவர்கள் இன்றைக்கே என்.எஸ்.எஸ்.ஸில் பெயர் கொடுங்கள், அரை மதிப்பெண்ணில் வாய்ப்பு நழுவும் தேர்வு இது.

ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். இவை நம் பிள்ளைகளுக்குப் பொருட்டில்லை. தடுக்குவது கயிறு. வடக்கயிறு ஒன்றை வேப்பமரத்தில் கட்டி ஆறு மாதம் ஏறிப் பழகினால் சரியாகிவிடும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புகள் உண்டு. தாட்கோ வழியாகவும் பயிற்சி தருகிறார்கள். தனியார் அகாடமிக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டுமுன் அங்கே ஒருமுறை விசாரியுங்கள்.

தங்கைகளுக்கு ஒரு சொல். பெண் கைதிகளைப் பெண்கள்தான் பார்க்க வேண்டும். புழல், வேலூர், திருச்சி போன்ற இடங்களில் பெண்கள் தனிச்சிறைகள் இருக்கின்றன. இங்கே கொக்கிரகுளத்திலும் பெண்கள் சிறை இருக்கிறது. ஆகவே பெண்களுக்கு இது இரவல் இடமில்லை.

தொடக்கச் சம்பளம் 18,200 ரூபாய், அதன்மேல் படிகள். வார்டராகச் சேர்ந்தால் பணிமூப்பில் முதல்நிலைக் காவலர், தலைமைக் காவலர் என்று போகலாம், மெதுவாக. வேகமாக ஏற நினைப்பவர்கள் வேலையில் இருந்துகொண்டே பட்டம் முடித்து, துறை அனுமதியோடு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் உதவி ஜெயிலர், ஜெயிலர் தேர்வுகளை எழுத வேண்டும். குரூப் 2 தேர்வில் சிறைத்துறை நன்னடத்தை அலுவலர் பணியும் வந்திருக்கிறது; சமூகப்பணி படித்தவர்கள் கவனிக்கலாம். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை முக்கியம். பன்னிரண்டைத் தாண்டிக் குதித்துத் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. அதிகாரிகளுக்கான பயிற்சி வேலூரில், 1979 முதல் இயங்கும் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகப் பயிலகத்தில். தென்மாநில அலுவலர்கள் எல்லாம் அங்கேதான் வருகிறார்கள்.

இத்தனையும் இருந்து, கடைசிப் படியில் நம் பிள்ளைகளைக் கவிழ்ப்பது ஒன்று இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை.

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கோயில் கொடையிலோ கபடிப் போட்டியிலோ அம்பேத்கர் படம் போட்ட பேனரிலோ தகராறு. நம்மவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கிறார். அன்று இரவே எதிர்ப்புகார் வருகிறது. அதில் யார் பெயர் இருக்கும்? அடித்தவன் பெயரோ இல்லையோ, கல்லூரியில் படிக்கிறவன் பெயரும் வேலைக்கு ஓடிப் பழகுகிறவன் பெயரும் கட்டாயம் இருக்கும். தெரிந்தே சேர்க்கிறார்கள். சீருடைப் பணிச் சரிபார்ப்பில் நிலுவை வழக்கு இருந்தால் பணி ஆணை வராது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்யப்பட்டவரைக்கூடக் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதி நிராகரிக்கிறார்கள். கடைசியில் சமரசம் பேசி இரண்டு புகாரையும் வாபஸ் வாங்க வைப்பதற்கு அந்தப் பையனின் வேலையே பணயப் பொருளாகிறது.

பொய்யாகப் பெயர் சேர்க்கப்பட்டவர்கள் "நேரம் வரும்போது பார்ப்போம்" என்று இருந்துவிடாதீர்கள். அறிவிக்கை வந்தபிறகு ஓடினால் நேரம் போதாது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரி மதுரைக் கிளைக்குப் போகலாம். முன்பு 482 என்று சொன்னது இப்போது 528ஆம் பிரிவு. 18 வயதுக்கு முன் நடந்த வழக்கு என்றால், அதில் தண்டனையே வந்திருந்தாலும் அது தகுதியிழப்பு ஆகாது என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. சில கொடிய குற்றங்களில் மட்டும் 16 வயது கடந்தவர்களுக்கு விலக்கு.

விண்ணப்பத்திலும் சரிபார்ப்புப் படிவத்திலும் வழக்கு உண்டா என்று கேட்கும் இடத்தில் மறைக்கவே கூடாது. பக்கத்து வீட்டு அண்ணன் 'இல்லை' என்று போடச் சொல்வார். போட்டால் வழக்குக்காக இல்லாவிட்டாலும் மறைத்ததற்காக நீக்க முடியும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த நெறி அது. 'ஆம்' என்று எழுதி, குற்ற எண், காவல் நிலையம், இப்போதைய நிலை மூன்றையும் குறிப்பிட்டு, விடுதலைத் தீர்ப்போ ரத்து உத்தரவோ இருந்தால் சான்றிட்ட நகலை இணையுங்கள். அந்த நகலுக்கு இன்றைக்கே மனுப் போட்டு வையுங்கள், கிடைக்கச் சில வாரம் ஆகும்.